சல்லிக் காசும் சமூக நீதியும்

2011ஆம் ஆண்டு ஜூன் 30ஆம் நாள், நாலணா என்று நாம் வாய் நிறைய அழைத்து வந்த 25 பைசா நாணயமும், அதற்குக் கீழிருந்த நாணயங்கள் அனைத்தும் நம் நாட்டில் செல்லாக் காசுகளாயின. எஞ்சி நிற்பது 50 பைசா ஒன்றே. சட்டத்தின் பார்வையில் அது இன்றும் செல்லும். கடைத்தெருவின் பார்வையிலோ அது என்றோ மறைந்துவிட்டது. கடல் கடந்த நாடுகளிலும் இதே நிலைதான். கனடா 2012ஆம் ஆண்டில் தனது ஒரு சென்ட் நாணயத்தை அடிப்பதை நிறுத்தியது. அமெரிக்கா 2025 நவம்பரில், புழக்கத்திற்கான கடைசி ஒரு சென்ட் நாணயத்தைப் பிலடெல்பியா நாணயச் சாலையில் அடித்து முடித்தது.

மதிப்புக் குறைந்த நாணயங்களைப் புழக்கத்திலிருந்து நீக்கத்தான் வேண்டுமா? இது பொருளியல் அறிஞர்கள் தீர்க்க வேண்டிய கணக்கு; இதில் அறநெறிக்கு என்ன வேலை என்று சிலர் வினவலாம். ஆனால் ஒரு காசு மறையும்போது அதோடு ஒரு மீதியும் மறைகிறது. அந்த மீதி யாருடையது, அது யார் கைக்குப் போகிறது என்று கேட்கத் தொடங்கியதுமே நாம் நீதியைப் பற்றிப் பேசத் தொடங்கிவிடுகிறோம்.

முதலில், நீக்க வேண்டும் என்போரின் வாதத்தை நேர்மையாக எண்ணிப் பார்ப்போம். நாணயம் மனிதருக்காக உண்டானதேயன்றி மனிதர் நாணயத்திற்காக உண்டானவர் அல்லர். அமெரிக்காவில் ஒரு சென்ட் நாணயத்தை உருவாக்க 2024 நிதியாண்டில் ஏறத்தாழ 3.69 சென்ட் செலவாயிற்று. ஒன்றைச் செய்ய மூன்றுக்கு மேல் செலவிடுவது மக்கள் பணத்தை வீணாக்குவதே. நம் நாட்டு வரலாறும் இதையே சொல்கிறது. ஒரு ரூபாய்க்கு 16 அணா, 64 பழைய பைசா, 192 தம்பிடி என்றிருந்த கணக்கு 1957 ஏப்ரல் 1 அன்று 100 நயா பைசாவாக மாறியது. தம்பிடி போயிற்று, காலணா போயிற்று, உலகம் நின்றுவிடவில்லை. பழகிய காசின் மீதுள்ள பாசம் மட்டுமே அதைக் காப்பாற்றப் போதிய காரணம் ஆகாது.

அப்படியானால் ஒரு காசு எப்போது விடைபெற வேண்டும்? கீழே கிடக்கும் காசை எடுக்கச் செல்வர் குனிய மறுக்கும் நாளிலா, ஏழையும் குனிய மறுக்கும் நாளிலா? இவ்விரு நாள்களுக்கும் இடையே பல ஆண்டுகள் இருக்கக்கூடும். அந்த ஆண்டுகளில்தான் அநீதி நிகழ வாய்ப்புண்டு.

காணிக்கைப் பெட்டியில் இரண்டு காசு போட்ட ஏழைக் கைம்பெண்ணை நாம் அனைவரும் அறிவோம். அவ்விரு காசுகளும் சேர்ந்து ஒரு கொதிராந்து. விவிலிய அறிஞர்களின் கணக்குப்படி 64 கொதிராந்து கொண்டது ஒரு தெனாரியம். அதுவே ஒரு தொழிலாளியின் ஒரு நாள் கூலி. நம் பழைய ரூபாய்க்கும் 64 பைசாதான் என்பது வியப்பூட்டும் ஒற்றுமை. இன்று நாளொன்றுக்கு 640 ரூபாய் கூலி பெறும் ஒருவரோடு ஒப்பிட்டால், அந்தக் கைம்பெண்ணின் ஒவ்வொரு காசும் ஐந்து ரூபாய்க்கு இணையாகும். இயேசுவின் காலத்தில் மிகச் சிறியதாய் இருந்த காசு, இன்றைய நம் 50 பைசாவைப்போல் பத்து மடங்கு கனமுள்ளது! ஏழையின் கூலியை அளவுகோலாகக் கொண்டு பார்த்தாலும் 50 பைசாவின் காலம் முடிந்துவிட்டது என்றே சொல்லத் தோன்றுகிறது.

ஆயினும் அந்நிகழ்வில் நாம் எளிதில் கடந்துபோகும் ஓர் உண்மை உண்டு. அவளிடம் இருந்தவை இரண்டு காசுகள். ஒன்றைப் போட்டுவிட்டு மற்றொன்றைத் தனக்கென வைத்துக்கொள்ள அவளால் முடிந்திருக்கும். காசு சிறியதாய் இருந்ததால்தான் அந்த உரிமை அவளுக்கு இருந்தது. சிறிய காசு, தன்னிடமுள்ள கொஞ்சத்தையும் பங்கிட்டுச் செலவிடும் உரிமையை ஏழைக்குத் தருகிறது. சிவகாசித் தீப்பெட்டியைப் பாருங்கள். 2007இல் 50 பைசாவிலிருந்து ஒரு ரூபாய் ஆயிற்று. பதினான்கு ஆண்டுகள் அங்கேயே நின்று, 2021 டிசம்பரில் இரண்டு ரூபாய் ஆயிற்று. குச்சிகளின் எண்ணிக்கையும் கூட்டப்படும் என்று உற்பத்தியாளர்கள் அறிவித்தனர். ஒன்றரை ரூபாய் என்றொரு விலையைக் கடைத்தெருவில் சொல்ல இயலாத நிலையில், விலை படிப்படியாக ஏறுவதில்லை. ஒரே தாவாகத் தாவி இரட்டிப்பாகிறது. நடுவிலிருந்த படியை எடுத்துவிட்டால் இளைஞன் தாண்டிவிடுவான். முதியவர் என்ன செய்வார்?

அடுத்து, மீதியைப் பற்றிய வினா. கனடா சிறு காசை நீக்கியபோது ஓர் ஒழுங்கை வகுத்தது. ரொக்கமாகக் கொடுக்கும்போது, முழுத் தொகையின் கடைசி இலக்கம் 1, 2 என்றால் பூச்சியத்திற்குக் குறையும். 3, 4 என்றால் 5 ஆகக் கூடும். 6, 7 என்றால் 5 ஆகக் குறையும். 8, 9 என்றால் 10 ஆகக் கூடும். வாங்குபவருக்கு ஒரு நாள் இழப்பு, ஒரு நாள் ஆதாயம். நம் ஊர்க் கடைகளிலோ மீதி எப்போதும் ஒரே திசையில்தான் பாய்கிறது. சில்லறைக்குப் பதில் மிட்டாய் கையில் திணிக்கப்படுகிறது. பேருந்தில் பயணச்சீட்டின் பின்புறம் எழுதப்பட்ட பாக்கி, இறங்கும் அவசரத்தில் மறக்கப்படுகிறது. இதில் அதிகம் இழப்பவர் யார்? மாதச் சாமான்களை ஒரே முறையில் வாங்கி, அட்டை வழியாகவோ கைப்பேசி வழியாகவோ பைசா சுத்தமாகச் செலுத்துபவர் அல்லர். பத்து ரூபாய்க்கு எண்ணெய், ஐந்து ரூபாய்க்குத் தூள் என்று அன்றாடம் ரொக்கம் கொடுத்து வாங்கும் கூலித் தொழிலாளியே. அவர் கடை வாசலை மிதிக்கும் தடவைகள் மிகுதி. ஆகவே அவர் விட்டுச் செல்லும் மீதிகளும் மிகுதி.

புனித தாமஸ் அக்குவினாஸ் இது குறித்து நமக்கு ஒளி தருகிறார். நீதியான விலை என்பது மயிரிழை பிசகாமல் அளக்கக்கூடியது அன்று. அது ஒரு மதிப்பீடே. ஆகவே சிறிது கூடுவதாலோ குறைவதாலோ நீதியின் சமன்பாடு குலைந்துவிடாது என்பது அவரது கருத்து. காசைக் கிட்டத்தட்ட என்று கணக்கிடுவது தன்னிலே பாவம் அன்று என்று இதிலிருந்து கொள்ளலாம். ஆனால் திருச்சபை அதோடு நிறுத்திக்கொள்ளவில்லை. சிறு சிறு திருட்டுகளாக எடுத்தது எவ்வளவு பெரிய தொகையாகச் சேர்ந்தாலும், அதைத் திருப்பிக் கொடுக்கும் கனமான கடமை இல்லை என்ற கொள்கையைத் திருத்தந்தை பதினொன்றாம் இன்னோசென்ட் 1679ஆம் ஆண்டில் கண்டித்து ஒதுக்கினார். நாளொன்றுக்கு இருநூறு பேரிடம் ஒவ்வொரு ரூபாயாக நிறுத்திக்கொள்பவர், யாரிடமும் பெரிதாக ஒன்றும் எடுக்கவில்லை என்று தம்மைத் தேற்றிக்கொள்ளலாம். ஆண்டு முடிவில் அது எழுபதாயிரம் ரூபாயைத் தாண்டுகிறது.

மற்றொரு செய்தியும் நம் சிந்தனைக்கு உரியது. இன்று தமிழகத்தின் பல ஊர்களில் பத்து ரூபாய் நாணயத்தை வாங்க மறுக்கிறார்கள். பதினான்கு வடிவங்களில் வெளியான அந்நாணயங்கள் அனைத்தும் செல்லும் என்று இந்திய ரிசர்வ் வங்கி 2018 ஜனவரியில் தெளிவுபடுத்தியது. ஆயினும் வதந்தி சட்டத்தை வென்றுவிட்டது. கீரை விற்ற காசோடு கடைக்கு வரும் மூதாட்டியிடம் “இது செல்லாது, பாட்டி” என்று சொல்பவர், அவர் உழைப்பையே செல்லாது என்கிறார். ஒரு காசைச் செல்லாததாக்கும் உரிமை அரசுக்கு உண்டு; அண்டை வீட்டாருக்கு இல்லை.

இவற்றையெல்லாம் சீர்தூக்கிப் பார்க்கையில், சிறு காசுகளை நீக்கலாம் என்றே நாம் முடிவு செய்கிறோம். ஆனால் மூன்று காரியங்கள் காக்கப்பட வேண்டும். முதலாவது, வறியவருடைய அன்றாட வாழ்வில் அக்காசுக்கு வேலை இல்லாமற் போயிருக்க வேண்டும். இரண்டாவது, மீதியைக் கணக்கிடும் முறை இரு திசையிலும் சமமாக ஓட வேண்டும். அதைக் கடைக்காரரின் விருப்பத்திற்கு விட்டுவிடலாகாது. மூன்றாவது, கையிலுள்ள காசை மாற்றிக்கொள்ளப் போதிய காலம் தரப்பட வேண்டும். 2011இல் வங்கிகள் ஜூன் 29 வரையே நம் சிறு காசுகளை மாற்றித் தந்தன. உண்டியலில் சேர்த்து வைத்த, செய்தித்தாள் படிக்காத எத்தனையோ எளியவருக்கு அந்த நாள் தெரியாமலே கடந்திருக்கும். கனடாவோ கெடு எதுவும் வைக்காமல், பழைய காசுகளின் மதிப்பை நிலைக்க விட்டது.

சட்டம் அரசின் வேலை. நமக்கென ஓர் எளிய கடமை உண்டு. மீதியை “போகட்டும்” என்று விட்டுக்கொடுக்கும் உரிமை, அதைப் பெற வேண்டியவருக்கு மட்டுமே உண்டு. கொடுக்க வேண்டியவருக்கு இல்லை. பெற வேண்டியவர் விட்டுக்கொடுத்தால் அது ஈகை. கொடுக்க வேண்டியவர் விட்டுவிட்டால் அது பறிப்பு. அரைக் காசுக்குப் போன மானம் ஆயிரம் பொன் கொடுத்தாலும் வராது என்று நம் முன்னோர் சொல்லி வைத்தனர்.

மத்தேயு நற்செய்தியில் ஒரு காசுக்கு இரண்டு சிட்டுக்குருவிகள் விற்கப்படுகின்றன. லூக்கா நற்செய்தியிலோ இரண்டு காசுக்கு ஐந்து. அந்த ஐந்தாவது குருவிக்கு விலையே இல்லை. கொசுறாக வந்தது அது. சந்தைக் கணக்கில் இடம்பெறாத அதுவும் கடவுள் முன் மறக்கப்படவில்லை என்கிறார் ஆண்டவர். நாளை நம் கடையில், நம் அலுவலகத்தில், நம் வீட்டு வேலையாளின் சம்பளத்தில் ஒரு மீதி வரும்போது, அதை எண்ணிக் கொடுப்போம்.