தூண்டில் நரம்பின் பழுதை அறிவது எப்படி?

மயிலாடுதுறையில் உள்ள தருமபுரம் ஆதீனம் போற்றும் சைவ சித்தாந்த நூல்களில் ஒன்று, அருள்நந்தி சிவாசாரியரின் சிவஞான சித்தியார். 13-ஆம் நூற்றாண்டு நூல். இறைவனைப் பற்றிப் பேசுமுன், ஒன்றை 'அறிந்தேன்' என்று சொல்ல எது ஆதாரம் என்று அது கேட்கிறது. இந்த ஆதாரங்களான அளவைகள் ஆறு என்பாரும் பத்து என்பாரும் உண்டு. எல்லாமே காண்டல், கருதல், உரை என்ற மூன்றில் அடங்கும் என்பது அதன் முடிவு.

கிழக்கே தரங்கம்பாடியில் தூண்டில் போடுபவரின் கேள்வியும் இதுதான். இந்த நரம்பு, அதாவது தூண்டிலின் நைலான் இழை, இன்னொரு கொடுவாய் மீனைத் தாங்குமா?

பருத்தி நூல் காலத்தில் காண்டலே போதுமாயிருந்தது. பனிச்சங்காய்ச் சாற்றில் தோய்த்து எடுத்தாலும் பருத்தி ஒருநாள் மக்கும். மக்கினால் கறுக்கும், நாறும், இழை பிரியும். 1935-இல் அமெரிக்காவின் டூபான்ட் ஆய்வகத்தில் வாலஸ் கரோதர்ஸ் உருவாக்கிய நைலான் அந்த வசதியைப் பறித்துவிட்டது. வெயிலின் புற ஊதாக் கதிர்கள் நைலானின் மூலக்கூறுச் சங்கிலிகளை அறுத்துக்கொண்டே இருக்கும். பளபளப்போ அவ்வளவு சீக்கிரம் போகாது. வலுவிழந்த நரம்பு கண்ணுக்குப் புதிதாகவே தெரியும். ஒன்றை வேறொன்றாகக் காணும் இந்தப் பிழையைச் சித்தாந்தம் திரிவு என்கிறது.

கண் தோற்ற இடத்தில் விரல் உதவும். முள்ளுக்கு மேலே இரண்டு பாகம் நரம்பை நகத்துக்கும் விரலுக்கும் நடுவே மெல்ல இழுத்தால், கல்லோ மீனின் செவுளோ உரசிய இடம் சொரசொரவென்று தட்டும். அதுவரை வெட்டிவிட்டு முள்ளை மறுபடி கட்டினால் போதும். முடிச்சை எச்சிலில் நனைத்துத்தான் இறுக்க வேண்டும். உலர இறுக்கினால் உராய்வுச் சூட்டில் அங்கேயே நைந்துவிடும். வெளுத்துப்போய், சுருள் நிமிராத நரம்பை முழுதாக மாற்றுவதே சரி.

வெயிலில் நைந்தது சில சமயம் விரலுக்கும் சிக்காது. அங்கேதான் கருதல். புகையைக் கொண்டு நெருப்பை அறிவதுபோல, கிடந்த இடத்தைக் கொண்டு நரம்பின் நிலையை அறிய வேண்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலம் கொளுத்தும் கோடையில் வருகிறது. அந்த 61 நாளும் படகின் மேலேயே கிடந்த சுருளை நம்பக் கூடாது. நன்னீரில் அலசி, நிழலில் உலர்த்தி, இருட்டில் வைத்ததை நம்பலாம். இதைக் கரையின் மூத்தவர் ஒருவர் முன்கூட்டியே சொன்னால், அது உரை.

கழித்த நரம்பைக் கடலில் எறிவது பெரிய தவறு. வெயில் எட்டாத ஆழத்தில் அது எளிதில் நையாது. ஆண்டின் தொடக்க மாதங்களில் இந்தக் கரைக்கு முட்டையிட வரும் பங்குனி ஆமைகளின் துடுப்பில் அது சுற்றிக்கொள்ளும். அடியில் நடப்பதை யாரும் நேரில் பார்ப்பதில்லை; கருதி அறிந்தவர்தான் கழித்த நரம்பைக் கரைக்குக் கொண்டுவந்து, சாண் சாணாக நறுக்கிக் குப்பையில் சேர்க்க வேண்டும்.