உண்ணாததை விளைக்கலாமா?

காளான் நம் அடுக்களைக்கு அயலான பொருள். மழை ஓய்ந்த காலையில் புற்றருகே வெண்குடை விரித்து நிற்கும் அதனைக் கண்டால் மிதியாமல் விலகி நடக்குமாறு நம் இல்லங்களில் பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிறோம். ஓர் உடலில் எண்ணிறந்த உயிர்கள் குடியிருக்கும் அனந்தகாயப் பொருள்களுள் அதனையும் சேர்த்தே நம் முன்னோர் விலக்கி வந்தனர். ஆகவே காளானை உண்ணலாமா என்னும் வினா இவ்விதழின் வாசகர்களிடையே எழப்போவதில்லை. சென்ற ஐப்பசியில் நம்மைத் தேடி வந்த வினா வேறு.

வந்தவாசி வட்டத்துச் சிற்றூர் ஒன்றில் வாழும் பெண்மணி ஒருத்தி நமக்குத் தூரத்து உறவு. நம்மை அத்தை என்று அழைப்பவள். கணவர் நோய்வாய்ப்பட்டு ஏர் பிடிக்க இயலாத நிலையில், தையல் வேலை செய்து இரு பெண் பிள்ளைகளைப் படிக்கவைக்கிறாள். மூத்தவள் கல்லூரியில் சேர்ந்திருக்கிறாள். ஊர் மகளிர் குழுவினரோடு வேளாண் அறிவியல் நிலையம் ஒன்றுக்குச் சென்று காளான் வளர்ப்பில் ஒருநாள் பயிற்சி பெற்று வந்தவள், நேரே நம் வீட்டுத் திண்ணைக்கு வந்தாள்.

“அத்தை, நாங்கள் உண்ணப்போவதில்லை. விளைத்து விற்கத்தான் போகிறேன். இதில் தோஷம் உண்டா?” என்றாள்.

நாம் கணமும் தயங்காமல், “வேண்டாம் அம்மா” என்றோம். அவள் தலையை அசைத்துவிட்டு, “வித்து வாங்கிவிட்டேன் அத்தை. இந்த ஒரு முறை மட்டும் போட்டுவிடுகிறேன்” என்று சொல்லிப் போனாள். அவ்வளவு விரைவாக நாம் விடை கூறியது அன்றிரவு உறுத்திற்று. பள்ளியில் ஒரு மாணவி எழுப்பிய வினாவுக்கு அவ்வாறு விடை சொல்லியிருந்தால், நமக்குப் பயிற்சியளித்த ஆசிரியர்கள் மதிப்பெண் குறைத்திருப்பார்கள். எனவே பார்த்தறிந்து வருவோம் என்று மறுவாரம் அவ்வூருக்குப் புறப்பட்டோம்.

பயன்படாதிருந்த மாட்டுக் கொட்டகையில் ஒரு மூலையைத் தென்னங்கீற்றால் மறைத்து, தரையில் மணல் பரப்பி, சுற்றிலும் ஈரச் சாக்குகளைத் தொங்கவிட்டிருந்தாள். அதுவே காளான் குடில். வைக்கோலை ஈரங்குல அளவில் நறுக்கி, 5 மணி நேரம் தண்ணீரில் ஊறவைத்து, கொதிநீரில் அரை மணி நேரத்துக்கு மேல் வேகவைத்து, நிழலில் உலர்த்தவேண்டும். கையில் எடுத்துப் பிழிந்தால் நீர் சொட்டக் கூடாது. ஆனால் உள்ளங்கையில் ஈரம் தெரியவேண்டும். அதுவே பதம். துளையிட்ட பாலித்தீன் பையில் ஓர் அடுக்கு வைக்கோல், அதன்மேல் சோளத்தில் வளர்த்தெடுத்த வித்து ஒரு பிடி என மாறி மாறி நிரப்பி, வாயைக் கட்டி, உறிபோல் தொங்கவிடுகிறார்கள். 15 முதல் 20 நாள்களில் பை முழுதும் தயிர் உறைந்தாற்போல் வெண்மை படர்கிறது. பிறகு பையைக் கிழித்து நாள்தோறும் நீர் தெளித்தால் குண்டூசித் தலைபோல் மொட்டுகள் தோன்றி, மூன்றே நாளில் சிப்பி வடிவில் விரிந்துவிடுகின்றன. சிப்பிக் காளான் என்ற பெயர் அதனால் வந்தது. ஒரு படுக்கைக்கு அரைக் கிலோ வைக்கோல் போதும். ஏறத்தாழ அதே எடைக்கோ சற்று மிகுதியாகவோ மூன்று அறுவடைகளில் காளான் கிடைக்கும்.

வைக்கோல் வீட்டினது. 20 படுக்கைகளுக்கு வேண்டிய வித்து, பை, நைலான் வலை, தெளிப்பான் எல்லாம் சேர்த்து 900 ரூபாய்க்குள் முடித்ததைக் கணக்குப் புத்தகத்தில் காட்டினாள். கிலோ 200 ரூபாய்க்கு எடுத்துக்கொள்ள வந்தவாசிக் கடைக்காரர் ஒருவர் ஒப்பியிருந்தார். 10 கிலோ தேறினால் மூத்தவளின் பேருந்துக் கட்டணத்துக்கு ஆகும் என்றாள். தையல் கூலியில் அந்தக் கட்டணம் மட்டும்தான் இடிக்கிறதாம்.

இனி அறத்தின் பக்கம் வருவோம். நாம் ஆசிரியப் பணியேற்ற நாளில் காளானைப் பச்சையம் இல்லாத தாவரம் என்றே கற்பித்தோம். 1969-இல் விட்டேக்கர் என்னும் அமெரிக்க அறிஞர் உயிர்களை ஐந்து பேரினங்களாகப் பகுத்து, பூஞ்சைகளுக்குத் தனியிடம் வகுத்தார். வண்டின் ஓட்டிலுள்ள கைட்டின் என்னும் பொருளே காளானின் செல்சுவரிலும் உள்ளது. பாடநூல்களும் பின்னர் மாறின. ஆயினும் ஆகம வழக்கில் அது ஓரறிவுயிரே. இல்லறத்தார் இயங்கும் உயிர்களை எண்ணித் துணிந்து கொல்லுதலை அறவே விடவேண்டும். ஓரறிவுயிர்களுக்கு இழைக்கும் துன்பத்தை இயன்ற அளவு குறைக்கவேண்டும். இதுவே அணுவிரதம். ஆகவே நாம் முதலில் பார்க்கவேண்டியது காளானை அன்று, கொதிக்கும் அண்டாவை.

வைக்கோலுக்குள் என்னென்ன வாழ்கின்றன என்பதை உழவர் வீட்டில் பிறந்தோர்க்குச் சொல்லவேண்டியதில்லை. அவள் முதல் நாளே வைக்கோலை வெயிலில் விரித்து உதறியிருந்தாள். ஊறவைத்த தொட்டியில் மிதந்த சிறு வண்டுகளை மூங்கில் தட்டால் அள்ளி வேலியோரம் விட்டாள். மிதவாதவை அண்டாவுக்குத்தான் சென்றன. அடுத்தது காளான் ஈ. பயிற்சியில் மஞ்சள் நிறப் பசை அட்டை தொங்கவிடச் சொன்னார்களாம். அவள் அதனை வாங்காமல் நைலான் வலையால் சாளரத்தை மூடியிருந்தாள். கேட்காமலே இவ்வளவு செய்திருந்த பெண்ணிடம் நாம் திண்ணையில் அமர்ந்து ஒரே சொல்லில் தீர்ப்புக் கூறியிருக்கிறோம்!

“உண்ணமாட்டோம், விற்கத்தான்” என்ற சமாதானம் மட்டும் நம் நெறியில் நில்லாது. செய்தல், செய்வித்தல், உடன்படுதல் ஆகிய மூன்றும் வினையைச் சேர்க்கும் வாயில்களே. பிறர் கொன்ற ஊனைத் தின்பதில் பழியில்லை என்ற பௌத்தரின் வாதத்தை நீலகேசி மறுப்பதும், உண்பாரும் விற்பாரும் ஒருவரையொருவர் ஆக்குகின்றனர் என்று குறளின் புலால் மறுத்தல் அதிகாரம் காட்டுவதும் இந்த அடிப்படையில்தான். ஊனும் காளானும் ஒன்றல்ல. ஐயறிவுக்கும் ஓரறிவுக்கும் உள்ள தொலைவு பெரிது. எனினும் தான் விலக்கியதைப் பிறர் வாயில் இடுவதற்கு விளைக்கும்போது விலக்கின் பொருள் குறைகிறது என்றே இன்றும் கருதுகிறோம். அவளிடமும் இதனைக் கூறினோம்.

அவள் உலர்த்திய வைக்கோலைக் கிளறியபடியே கேட்டாள்: “அத்தை, உங்கள் நிலத்தில் மணிலாவுக்கு மருந்து அடிக்கிறார்களே. கம்பளிப்புழுவுக்கு எத்தனை அறிவு?”

ஓரறிவுக்கு மேற்பட்டது என்பதில் ஐயமில்லை. நம் 2 ஏக்கரும் பல ஆண்டுகளாகக் குத்தகையில் இருக்கிறது. ஆண்டுக்கு 12 மூட்டை நெல் வருகிறது. ஒரு போகம் நெல், ஒரு போகம் மணிலா. எந்தப் போகத்தில் என்ன மருந்து, எத்தனை முறை என்று நாம் ஒருநாளும் கேட்டதில்லை. கேட்டால் உடன்பட்டவராவோம் என்று அஞ்சினோமோ, அல்லது கேட்கத் தோன்றவே இல்லையோ! இரண்டாவதுதான் உண்மை. உழவு ஆதிபகவன் மாந்தர்க்குக் கற்பித்த ஆறு தொழில்களுள் ஒன்று; அதில் நேரும் இம்சை தொழில் இம்சை, தவிர்க்கவொண்ணாதது என்று பாடம் சொல்லி நம்மை நாமே தேற்றிக்கொண்டிருந்தோம். அந்தச் சலுகை நமக்கு உண்டென்றால் கொட்டகை மூலையில் 20 பை தொங்கவிட்டவளுக்கு ஏன் இல்லை? நிலமுடையவர் செய்தால் தொழில், நிலத்தை நம்ப முடியாதவள் செய்தால் தோஷமா? நம் சமூகத்தார் சிலர் வெங்காயமும் மரவள்ளியும் பயிரிடுகின்றனர். எவரும் அவர்களைத் திண்ணைக்கு அழைத்து விசாரித்ததில்லை. திருமணப் பந்திகளில் உருளைக்கிழங்கு நுழைந்த கதையை இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் பல இல்லங்களில் நமக்கு அழைப்பிதழ் வாராது.

சமந்தபத்திரர் தம் இரத்தினகரண்டகத்தில் இஞ்சி, முள்ளங்கி முதலானவற்றை விலக்கும்போது, பயன் சிறிது, அழிவு பெரிது என்பதைக் காரணமாக்குகிறார். இந்த அளவுகோல் நம் மனத்துக்கு மிக நெருங்கியது. நாக்கின் சுவைக்காக உண்பவருக்குக் காளானின் பயன் சிறிதே. ஆனால் ஒரு பெண்ணின் கல்லூரிப் படிப்பு நிற்காமலிருப்பது சிறுபயனா? அதனை அளக்கவேண்டியவர் யார்? மாதந்தோறும் ஓய்வூதியம் வங்கிக் கணக்கில் வந்துவிடும் ஒருவர், வேறொருத்தியின் 2000 ரூபாயைச் சிறுபயன் என்று சொல்வது எளிது. விலக்குவதால் வரும் இழப்பில் ஒரு பங்கையும் ஏற்காமல் விலக்கச் சொன்னோம். அதுவே நம் பிழை. சொன்ன கருத்து பிழையென்று இன்னும் தோன்றவில்லை.

மூன்று வாரம் கழித்து மீண்டும் சென்றோம். பைகள் வெளுத்திருந்தன; இரண்டு மட்டும் பச்சைப் பூசணம் பிடித்துக் கெட்டிருந்தன. அவற்றை எருக்குழியில் புதைத்திருந்தாள். மூத்த பெண்ணின் ஒரு பருவத்துப் பேருந்துக் கட்டணத்தை நாம் செலுத்துகிறோம் என்றோம். “கடனாக என்றால் வாங்கிக்கொள்கிறேன் அத்தை” என்றாள். அடுத்த முறை வித்து வாங்குவாளா என்று நாம் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

திரும்பும் வழியில் குத்தகைக்காரர் வீட்டில் இறங்கினோம். மணிலாவுக்கு மருந்து அடிக்காமல் இருக்க முடியுமா என்று கேட்டதும் அவர் நம்மை ஒருமாதிரி பார்த்தார். வேப்பங்கொட்டைக் கரைசல் தெளித்துப் பார்க்கலாம், ஆனால் மகசூல் குறைந்தால் குத்தகை நெல் கொடுக்க முடியாது என்றார். 2 மூட்டை குறைத்துக்கொள்ள இசைந்தோம். அவர் 3 கேட்டிருக்கிறார். தை பிறந்ததும் பேசி முடிக்கவேண்டும்.