மண்ணும் மரியாதையும்

சென்ற ஆண்டு எங்கள் பாடசாலையில் மாணவர் கண்காட்சி ஒன்று நடந்தது. மண்டபத்தின் நடுமேசையிலே ஒரு மண்குதிரை நின்றது. ஒன்றரை அடி உயரம். தீயில் வெந்து செந்நிறம் ஏறிய உடல். பின்னாலிருந்து யாரோ அழைத்தது போலத் திரும்பிய கழுத்து. அதைச் செய்தவன் பத்தாந் தரத்தில் படிக்கும் பதினைந்து வயதுப் பையன். அரசாங்க உத்தியோகத்தர் ஒருவரின் மகன். குதிரையின் காலடியில் வைத்திருந்த அட்டையில் அவனுடைய பெயரும், அதன்கீழ் ‘பொழுதுபோக்கு: சிற்பம்’ என்ற சொற்களும் எழுதப்பட்டிருந்தன. பார்க்க வந்த பெற்றோர் பலர் அந்த மேசையடியில் நின்று, படிப்போடு இப்படி ஒரு கலையும் கைவந்திருக்கிறதே என்று வியந்தனர்.

அவ்வாறு வியந்தவர்களுள் ஒருவரை நான் நன்கறிவேன். படிப்பிலே கவனஞ் செலுத்தாத தம் மகனைக் கண்டிக்கும்போது, ‘நீ சட்டி பானை வனையத்தான் லாயக்கு’ என்று அவர் ஏசுவதைப் பலமுறை கேட்டிருக்கிறேன். அவர் வீட்டிலே வசையாக வழங்குவதும் மண்வேலைதான். மண்டபத்திலே பாராட்டி நின்றதும் மண்வேலைதான். அதே மண், அதே நீர், அதே நெருப்பு. ஒருவன் கையில் அதற்குக் கலை என்று பெயர்; இன்னொருவன் கையில் அதற்குச் சாதி என்று பெயர். இது எவ்வாறு நேர்ந்தது? இதில் நம்முடைய பங்கு என்ன? இவையே இங்கு நான் எழுப்ப விரும்பும் கேள்விகள்.

முதலில் அந்தப் பையனின் அநுபவத்தைச் சொல்ல வேண்டும். அவன் பெற்ற பாராட்டு இலேசாகக் கிடைத்ததன்று. சிறு வயதிலே சவர்க்காரக் கட்டியில் யானை செதுக்கியவன். பின்னர் கடதாசிக் கூழால் முகமூடிகள் செய்தவன். அதன்பின்பு மண்ணுக்கு வந்தான். முதற் குதிரைக்குக் கம்பியால் எலும்புக்கூடு கட்டி அதன்மேல் மண்ணை அப்பினான். காய்ந்தபோது கால்கள் நெடுகப் பிளந்தன. மண் உலரும்போது சுருங்கும். பத்தில் ஒரு பங்களவு சுருங்கும் மண்ணும் உண்டு. உள்ளே இருக்கும் கம்பியோ சுருங்காது. ஆகவே மண்தான் பிளந்து இடங்கொடுக்க வேண்டும்.

இரண்டாவது குதிரையைக் கம்பியின்றி, தடித்த கால்களோடு, உட்குடைவு இல்லாத கட்டியாகச் செய்தான். இரண்டு வாரம் நிழலில் உலர்த்தி, வீட்டின் பின்வளவில் வைக்கோலும் விறகும் அடுக்கித் தீ மூட்டினான். சிறிது நேரத்துக்குள் அது வெடித்துச் சிதறியது. மேலே காய்ந்திருந்த உடலின் நடுவிலே ஈரம் எஞ்சியிருந்தது. சூடு ஏற ஏற அந்த ஈரம் ஆவியாகி, வெளியேற வழியின்றி உடலை உடைத்துக்கொண்டு வந்தது. மறுநாட் காலை, ‘என்ரை குதிரை வெடிச்சுப் போச்சு, சேர்’ என்று ஒற்றைக் காதை என்னிடம் நீட்டினான், சிரிக்கவும் முயன்றான். நான் தமிழ் கற்பிப்பவன். ஆறுதல் சொன்னேனேயன்றிக் காரணஞ் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

மூன்றாவது குதிரை நின்றது. அதன் உடலும் கால்களும் உள்ளே வெறுமையானவை. மண்ணோடு மணலும் உமியும் கலக்கப்பட்டிருந்தன. வயிற்றின் அடியில் ஆவி போவதற்கு ஒரு துளை இருந்தது. தீயும் முதற் சில மணி நேரம் வெறும் புகைச்சூடாகவே காக்கப்பட்டது. இத்தனையும் அவன் எங்கே கற்றான்? கண்காட்சி முடிந்து மேசைகளை அடுக்கும்போது அவனிடம் கேட்டேன். சற்றுத் தயங்கியபின், தன் வகுப்புத் தோழன் ஒருவனின் பெயரைச் சொன்னான்.

அந்தத் தோழனின் பாட்டனார் பானை வனைந்தவர். அலுமினியமும் பிளாஸ்டிக்கும் வீடுகளில் நிறைந்தபின் தொழில் தேய்ந்தது. தந்தையார் கூலிவேலைக்குப் போகிறார். கம்பி கட்டிய குதிரை பிளக்கும் என்பது அந்தப் பிள்ளைக்கு முன்னரே தெரியும். கட்டியாகச் செய்த குதிரை வெடிக்கும் என்பதும் தெரியும். இரண்டு முறையும் அவன் பார்த்துக்கொண்டு பேசாதிருந்தான். பேசியிருந்தால், ‘இது உனக்கெப்படித் தெரியும்?’ என்று யாராவது கேட்டிருப்பார்கள். அந்தக் கேள்விக்கு அஞ்சியே அவன் வாய் திறக்கவில்லை. இரண்டாவது குதிரை சிதறியபின், நண்பனின் துயரம் பொறுக்காமல், ஒருநாள் மாலை வேறு யாருமில்லாத இடத்திலே எல்லாவற்றையும் சொல்லிக் கொடுத்தான். தன் பெயரை எவரிடமும் சொல்லலாகாது என்று வாக்குறுதியும் வாங்கிக்கொண்டான். பெயரும் ஊரும் இல்லாமல் இதை எழுதலாம் என்று பின்னர் அவன் இசைந்தபடியாலேயே இங்கு எழுதுகிறேன்.

இதைக் கேட்ட வேளையில் என் வகுப்பறை என் நினைவுக்கு வந்தது. சில வாரங்களுக்கு முன்னர்தான் புறநானூற்றின் 228ஆம் பாட்டை அவ்வகுப்பில் விளக்கியிருந்தேன். சோழன் கிள்ளிவளவன் இறந்தபோது ஐயூர் முடவனார் பாடியது. இத்துணைப் பெரியவனை அடக்கும் தாழியை நீ எவ்வாறு வனையப் போகிறாய் என்று குயவரை நோக்கிப் புலவர் இரங்கிக் கேட்கும் பாட்டு அது. அங்கே குயவர் ‘கோ’ என்று விளிக்கப்படுகிறார். அத்தோடு நான் நிற்கவில்லை. போரிலே வென்றவனைக் காட்டிலும் புறப்புண் நாணி வடக்கிருந்தவன் நல்லவனல்லனோ என்று கரிகாலனிடமே கேட்ட வெண்ணிக் குயத்தியாரைப் பற்றிச் சொன்னேன். அறுபத்துமூவருள் ஒருவரான திருநீலகண்டரைப் பற்றியும் சொன்னேன். எல்லாவற்றையும் பெருமிதத்தோடு சொன்னேன். அப்பொழுது மூன்றாவது வாங்கிலே ஒரு பையன் தலைகுனிந்திருந்தான். கவனக்குறைவு என்றெண்ணி அவனைக் கடிந்துகொண்டேன். ஈராயிரம் ஆண்டுகளுக்கு முந்திய குயவரைப் போற்றிக்கொண்டே, என் முன்னே இருந்த குயவர் வீட்டுப் பிள்ளை ஏன் தலைகுனிகிறான் என்று காணாத ஆசிரியன் நான்.

கையால் உழைப்பவனை இழிவாக எண்ணுவது நம்மவர்க்கு மட்டும் உரிய நோயன்று. கிரேக்க மொழியில் எழுதிய லூசியன், கி.பி. இரண்டாம் நூற்றாண்டினர், தம் இளமையைப் பற்றி ஒரு கதை சொல்லியிருக்கிறார். பள்ளிக்கூடத்திலே எழுதுபலகையின் மெழுகைச் சுரண்டி எருதும் குதிரையும் மனிதனும் செய்து விளையாடிய பிள்ளை அவர். அதற்காக ஆசிரியரிடம் அடியும் வாங்கினார். இந்தக் கைத்திறனைக் கண்ட தந்தை, சிற்பியான தாய்மாமனிடம் அவரைத் தொழில் பழக விட்டார். முதல் நாளே உளியை அழுத்திக் கற்பலகையை உடைத்தார், மாமன் அடித்தார், அழுதபடி வீட்டுக்கு ஓடினார். அன்றிரவு கனவிலே சிற்பக்கலையும் கல்வியும் இரண்டு பெண்களாய்த் தோன்றி அவரை ஆளுக்கொரு பக்கம் இழுத்தனராம். கல்வி சொன்ன நியாயம் கவனிக்கத்தக்கது: நீ பிடியாசைப் போன்ற பெருஞ்சிற்பியே ஆனாலும், உன் சிலையை எல்லாரும் புகழ்வர், ஆனால் உன்னைப் போல் ஆக அறிவுள்ள எவனும் விரும்பமாட்டான். லூசியன் கல்வியின் பக்கம் போனார். அவருக்கு முந்திய புளூட்டாக்கும் இதே கருத்தை எழுதியிருக்கிறார். சிலை வேண்டும், சிற்பி வேண்டாம் என்பது அக்காலத்து மேன்மக்களின் நீதி. குதிரையைப் பாராட்டிக் குயவரை ஏசிய நம் பெற்றோரின் நீதியும் இதுவேயன்றோ?

மைக்கலாஞ்சலோவின் வாழ்க்கை இந்த முரண்பாட்டை இன்னும் நன்றாகக் காட்டும். 1475இல் பிறந்த அவர், குடிப்பெருமை பேசிய ஒரு வீட்டின் பிள்ளை. சித்திரத்திலே நாட்டங்கொண்டதற்காகத் தந்தையிடமும் சிறிய தந்தையரிடமும் அடிபட்டவர். செத்திஞ்ஞானோ என்னும் கல்லுடைப்போர் ஊரிலே, கல்தச்சன் ஒருவனின் மனைவியிடம் பாலுண்டு வளர்ந்தபடியால், உளி பிடிக்கும் ஆசை அந்தப் பாலோடு வந்தது என்று பிற்காலத்தில் வேடிக்கையாகச் சொல்வாராம். அவ்வாறு கடனை ஒப்புக்கொண்ட அதே மனிதர், 1548இல் தம் சகோதரனின் மகனுக்கு எழுதிய கடிதத்தில், தம்மைச் ‘சிற்பி’ என்று முகவரியிட வேண்டாம் என்று சொல்லச் சொன்னார். கடை வைத்துத் தொழில் நடத்துவோரோடு தம்மைச் சேர்த்து எண்ணுவது அவருக்குப் பொறுக்கவில்லை.

ஆயினும், அவர்களுக்கும் நம் மாணவனுக்கும் இடையே ஒரு பெரும் வேறுபாடு உண்டு. லூசியன் சிற்பத்தை விட்டு ஓடினார். ஓடியபின் சிற்பம் அவரைத் தொடரவில்லை. மைக்கலாஞ்சலோ உள்ளே புகுந்தார்; புகுந்தபின்னும் அவர் வீட்டுப் பெருமை அழியவில்லை. நம் மாணவனின் நிலை அதுவன்று. அவன் மண்ணைத் தொட்டதில்லை. அவன் தந்தையும் சக்கரத்தை விட்டுப் பல ஆண்டுகளாயிற்று. மண்ணை அவர்கள் விட்டபோதும் ஊரார் வாயிலே மண் அவர்களை விடவில்லை. பொழுதுபோக்கு என்பது விரும்பியபோது எடுத்து, விரும்பியபோது வைத்துவிடக் கூடியது. சாதி என்பது கீழே வைத்தாலும் கழுத்தை விட்டு இறங்காதது. எவன் விட்டுவிலகக் கூடியவனோ அவனுக்கு அந்த வேலையால் மதிப்பு உண்டாகிறது. எவனால் விலக முடியாதோ அவனுக்கு அதே வேலையால் இழிவு உண்டாகிறது.

அப்படியானால், உத்தியோகத்தர் மகன் மண்ணைப் பிசைந்தது தவறா? இல்லை. அவன் வேலை செய்த முறையை எண்ணிப் பாருங்கள். எவரும் ஏவவில்லை, கூலியில்லை, இரண்டு முறை தோற்றும் மூன்றாம் முறை தொடங்கினான். மனிதன் வேலை செய்யவேண்டிய முறை அதுவே. ஏங்கல்ஸ் 1876இல் எழுதிய ஒரு கட்டுரையில், மனிதக் கை உழைப்பின் கருவி மட்டுமன்று, உழைப்பினாலேயே உருவானதும் ஆகும் என்றார். தோர்வால்ட்சனின் சிலைகளைச் செய்யும் அளவுக்கு அக்கை செம்மையடைந்தது பல்லாயிரம் தலைமுறைகளின் உழைப்பினால் என்று விளக்கினார். அந்தப் பையனின் குதிரையிலும் இது உண்மை. கழுத்தைத் திருப்பியது அவனுடைய கற்பனை. அதை எவரும் மறுக்க முடியாது. ஆனால் அந்தக் கழுத்து வெடிக்காமல் நின்றது, பெயரில்லாத எத்தனையோ குயவரின் அறிவினால். உமியைக் கலக்கச் சொன்னவர் யார்? உள்ளே குடையச் சொன்னவர் யார்? தமிழ்நாட்டிலே புதுக்கோட்டைப் பக்கத்தில் ஐயனாருக்கு ஆளுயரத்துக்கு மேற்பட்ட மண்குதிரைகள் செய்யும் வேளார்கள், உடலை உள்ளே வெறுமையாகத்தான் எழுப்புகின்றனர். கலை வேறு, கைத்தொழில் வேறு என்று பிரிப்போர் அந்தக் குதிரைகளை எந்தப் பக்கத்தில் நிறுத்துவார்கள்?

இதற்கு எதிரான ஒரு தவற்றையும் நாம் செய்யலாகாது. குயவர் வீட்டுப் பிள்ளையை அழைத்து, ‘உன் முன்னோர் கலை உயர்ந்தது; நீ அதைக் கைவிடாதே’ என்று உபதேசிப்பது எளிது. அது புகழ்மாலை போலத் தோன்றும் பழைய விலங்கு. அவன் மருத்துவனாக விரும்பினால் ஆகட்டும். கணக்காளனாக விரும்பினால் ஆகட்டும். விட்டுச்செல்லும் உரிமையும், வெட்கமின்றி வைத்திருக்கும் உரிமையும், இரண்டும் அவனுக்கு வேண்டும். உத்தியோகத்தர் மகனுக்கு இவ்விரண்டும் பிறப்போடு கிடைத்தன. இவனுக்கு இரண்டில் ஒன்றேனும் முழுமையாகக் கிடைக்கவில்லை.

கண்காட்சிக்குப் பின்னர் நான் அவனைத் தனியே அழைத்து, அட்டையில் உன் பெயரையும் எழுதிக் குதிரையைப் பாடசாலை நூலகத்தில் வைக்கலாமா என்று கேட்டேன். நியாயம் செய்கிறேன் என்ற எண்ணம் எனக்கு. அவன் நிலத்தைப் பார்த்து, ‘வேண்டாம் சேர்’ என்றான். நான் வற்புறுத்தவில்லை. நான் கொடுக்க நினைத்த பெருமையின் விலையை அவனல்லவா செலுத்தவேண்டும்? என் மனத்தின் ஆறுதலுக்காக ஒரு பிள்ளையை ஊர் முன்னே நிறுத்துவது நீதியாகாது.

அவன் ‘வேண்டாம்’ என்றதற்கு அவனுடைய கூச்சம் காரணமன்று. அந்தக் கூச்சத்தை அவனுக்குள் விதைத்த நாமே காரணம். ‘சட்டி பானை வனையத்தான் லாயக்கு’ என்ற ஏச்சைக் கேட்டும் மறுக்காமல் நின்ற ஆசிரியர்கள் நாம். அந்த ஏச்சை இப்பொழுது நான் கேட்ட இடத்திலேயே மறுக்கிறேன். 228ஆம் பாட்டை மீண்டும் கற்பித்தபோது, இந்தக் ‘கோ’வின் வழிவந்தோரை நாம் இன்று எவ்வாறு நடத்துகிறோம் என்ற கேள்வியையும் சேர்த்தே கற்பித்தேன். இவை சிறிய காரியங்கள். ஆயினும், ‘இது உனக்கெப்படித் தெரியும்?’ என்ற கேள்விக்கு, ‘என் பாட்டனாரிடம் கற்றேன்’ என்று ஒரு பிள்ளை நிமிர்ந்து பதிலளிக்கக்கூடிய வகுப்பறை இத்தகைய காரியங்களாலேயே உண்டாகும்.

குதிரை இப்பொழுது நூலகத்தில் நிற்கிறது. அதன் அட்டையைச் செய்தவனே புதிதாக எழுதிக் கொண்டுவந்தான். ‘பொழுதுபோக்கு’ என்ற சொல்லை எடுத்துவிட்டான். தன் பெயரின் கீழே ‘கற்றுத் தந்தவர்’ என்றெழுதி, அதற்கு எதிரே இடம் விட்டிருக்கிறான். அந்த இடம் இன்னும் வெறுமையாகவே இருக்கிறது. அதை நிரப்ப வேண்டியவன் அந்தத் தோழன். நிரப்பக்கூடிய காலத்தை உண்டாக்க வேண்டியவர்கள் நாம்.