காண்டலும் கருதலும்

ஆவணி மாதத்தின் நிலவில்லாத முன்னிரவொன்றில், ஊர் விளக்குகளின் வெளிச்சம் எட்டாத ஒரு வயல் வரப்பின்மீது நின்று வடவானை நோக்குகிறவன், துருவ நட்சத்திரத்துக்கு மேலே வளைந்து கிடக்கும் டிராகோ மண்டலத்தில் மங்கலான புள்ளி ஒன்றைக் கண்டுகொள்ளக் கூடும். 42 டிராகோனிஸ் என்பது வானநூலார் அதற்கு வழங்கும் பெயர். நேராக உற்று நோக்கினால் அது மங்கி நழுவுகிறது. பார்வையைச் சற்றே ஒதுக்கினால் மீண்டும் வந்து நிற்கிறது. மங்கிய ஒளியை உணரும் உயிரணுக்கள் விழித்திரையின் நட்டநடுவில் இல்லாமல் அதைச் சுற்றியே அமைந்திருப்பதே இதற்குக் காரணம். அப்பொழுதும் கண்ணுக்குத் தென்படுவது வெளிறிய வெண்மைதான். பைனாகுலர் ஒன்றை எடுத்து வைத்துப் பார்க்கும்போதே அதன் ஆரஞ்சு நிறம் புலனாகிறது.

பிரத்தியட்சம் ஒன்றே பிரமாணம், கண்ணால் காணாதது இல்லாததே என்பது உலகாயதரின் பழைய வாதம். அருணந்தி சிவாசாரியார் தம்முடைய சிவஞான சித்தியாரில் பிற மதங்களை மறுக்கப் புகுந்தபோது, முதற்கண் எடுத்துக்கொண்டது இந்த வாதத்தையே. காண்டலோடு, கண்டதைக் கொண்டு காணாததைத் துணியும் கருதலையும் சான்றோர் உரையையும் அளவைகளாகக் கொண்ட நம் சைவ சித்தாந்திகளின் பக்கத்தில் அந்த மங்கிய விண்மீனும் சாட்சி சொல்லுகிறது என்றே எனக்குத் தோன்றுகிறது.

கண்ணுக்கு வெறும் புள்ளியாக இருப்பதை, அதன் ஒளியை நிறமாலையாகப் பிரித்து ஆராய்ந்த அறிஞர்கள், விருத்தாப்பியம் எய்திய ஒரு ஜோதி என்று கண்டார்கள். ஏறத்தாழ நம் சூரியனளவே நிறையுள்ள அந்த மீன், தன் கருவிலிருந்த ஹைட்ரஜனைச் செலவிட்டு முடித்தபின், உள்ளே சுருங்கியும் வெளியே சூரியனைப்போல் 22 மடங்கு அகலத்துக்குப் பருத்தும், அப்படிப் பருத்ததனாலேயே மேற்பரப்பு குளிர்ந்து செம்மஞ்சளாகியும் நிற்கிறது. அதன் வயதை 950 கோடி ஆண்டு என்று கணித்திருக்கிறார்கள். 460 கோடி ஆண்டு வயதுடைய நம் சூரியன் ஒருநாள் அடையப்போகும் முதுமை அங்கே முன்கூட்டியே எழுதப்பட்டிருக்கிறது. இன்னும் வியப்பு ஒன்று உண்டு. ஜெர்மனியிலுள்ள டௌடன்பர்க் வானாய்வகத்தில் அதன் நிறமாலைக் கோடுகளை இரவுகள் பலவற்றில் அளந்தவர்கள், அவை 479 நாளுக்கு ஒருமுறை மிக நுண்ணியதாக முன்னும் பின்னும் அசைவதைக் கண்டு, வியாழனினும் பெரிய ஒரு கோள் அதைச் சுற்றிவருவதாக 2009இல் அறிவித்தார்கள். அந்தக் கோளைக் கண்டவர் ஒருவரும் இல்லை. புகையைக் கண்டு நெருப்பைத் துணிவதுபோல, மீனின் தள்ளாட்டத்தைக் கண்டு கோளைத் துணிந்தார்கள், அவ்வளவே.

இதனால் கடவுள் உண்டென்பது நிரூபணமாயிற்று என்று நான் சொல்லவரவில்லை. புகைக்கும் நெருப்புக்கும் உள்ள பிரிவற்ற தொடர்பு முன்பே அறியப்பட்டிருந்தாலன்றி அனுமானம் செல்லாது என்று தருக்க நூலார் விதித்த விதி, ஆஸ்திகனுக்கும் விதிதான். அவன் அதற்கு விலக்குக் கேட்பது அழகல்ல. ஆயினும், காணாததெல்லாம் இல்லை என்ற ஒற்றைச் சொல்லால் ஒரு பெரும் விசாரணையை மூடிவிடலாமென்ற துணிவு அந்த வரப்பின்மீது நிற்பவனுக்கு நிலைப்பதில்லை. கண்ணெதிரே இருந்த மீனே உற்றுப் பார்த்த மாத்திரத்தில் நழுவிற்று. அதன் முதுமையும் அதைச் சுற்றும் கோளும் பொறுமையோடு கணக்கெடுத்தவர்களுக்கே வெளிப்பட்டன. உண்டென்பவனும் இல்லையென்பவனும், தம் முடிவைச் சொல்வதற்கு முன், எத்தனை இரவுகள் விழித்திருந்து பார்த்தோம் என்று தம்மைத் தாமே கேட்டுக்கொள்ள வேண்டும்.