திரைக்கு எந்தப் பக்கம் முட்டை?

சிற்றாறு தாமிரபரணியோடு கலக்கும் சீவலப்பேரி தொடங்கி, ஆற்றின் இரு கரையிலும் சுடலைமாடனுக்குப் பீடம் இல்லாத ஊரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். கொடை என்றால் வில்லுப்பாட்டு, கணியான் கூத்து, நடுச்சாமத்தில் படப்பு. வெள்ளை வேட்டியை விரித்துச் சோற்றைக் குவித்து, கறி, கருவாடு, முருங்கைக்கீரை, சுருட்டு என்று சாமிக்குப் பிடித்ததையெல்லாம் வைப்பார்கள். அதில் அவித்த முட்டைக்கும் இடம் உண்டு. அதை உரிக்கக் கைப்பக்குவம் வேண்டும். அன்றைக்கு இட்ட முட்டை சரிப்படாது. ஓட்டை உரிக்கும்போது வெள்ளையையும் பிய்த்துக்கொண்டு வரும். நாலைந்து நாள் ஆன முட்டைதான் வழுவழுவென்று முழுசாக உரியும்.

பல ஊர்களில் அதே வளாகத்துக்குள் சாஸ்தாவும், அதாவது அய்யனாரும், இருப்பார். அவர் சுத்த சைவம். பங்குனி உத்திரத்தன்று எங்கெங்கோ வேலை பார்ப்பவர்கள்கூட ஊர் திரும்பி, தங்கள் குல சாஸ்தாவைத் தேடிப் போய்ப் பொங்கல் வைப்பது திருநெல்வேலிச் சீமையின் வழக்கம். பரிவார தெய்வங்களுக்குக் கிடா வெட்டும் நேரம் வந்தால் சாஸ்தா சன்னதியில் திரை விழும். காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயிலிலும் இதே ஏற்பாடுதான். ஆடி அமாவாசைக்கு அங்கே காட்டாற்றங்கரையில் குடில் போட்டுத் தங்கும் கூட்டத்தில் பாதி அடுப்பில் கறி கொதிக்கும். அய்யனார் சைவம். அவர் பக்கத்திலேயே இருக்கும் பட்டவராயனுக்குத் தோல் செருப்பு காணிக்கை. பிராமணராகப் பிறந்து, செருப்புத் தைக்கும் குலத்தில் பெண்ணெடுத்து, தானும் செருப்புத் தைத்தவர் என்று அவர் கதையைச் சொல்வார்கள்.

திரை போட்டால் அய்யனாருக்குத் தெரியாதா என்று கேட்பது எளிது. தெரியாமல் என்ன? மணம் திரையைத் தாண்டி வரத்தானே செய்யும். அது மறைப்பதற்கான திரை இல்லை, மரியாதைக்கான திரை. வேறு வேறு விரதம் உள்ள இரண்டு தெய்வங்கள் ஒரே வளாகத்தில் குடியிருக்க வேண்டியிருந்தபோது, ஒருவரை வெளியே அனுப்பாமல் கண்டுபிடித்த வழி என்றுதான் அதை எடுத்துக்கொள்ள வேண்டும்.

இதில் முட்டை எந்தப் பக்கம்? படப்பில் அது கருவாட்டோடு சேர்த்திதான். கிராமத்துக்கு அதில் குழப்பமே இல்லை. குழப்பம் டவுனில்தான். கறி மீன் தொடாத வீட்டில் பிள்ளைகளுக்கு மட்டும் ஆம்லெட் போட ஒரு தோசைக்கல் தனியாகப் பின்கட்டில் கிடக்கும். ‘உசுரா துடிக்குது அதுல?’ என்பது அந்த வீட்டு நியாயம். திருக்குறளைத் துணைக்கு அழைக்கவும் முடியாது. புலால் மறுத்தல் அதிகாரத்தின் பத்துக் குறளும் ஊனையும் உயிரையும் பேசுகின்றன, முட்டையைப் பற்றி ஒரு சொல் இல்லை. காந்தி வயதான காலத்தில், 1942-இல், உடல்நலம் பற்றி எழுதியபோது இந்தக் கேள்விக்குள் இறங்கினார். சேவலைப் பார்க்காத கோழியும் முட்டையிடும். அது ஒருநாளும் குஞ்சாகாது. ஆகவே பால் குடிப்பவர் அதைச் சாப்பிட மறுக்கக் காரணமில்லை என்பது அவர் வாதம். லண்டனில் மாணவராக இருந்தபோது அதே மனிதர், ‘அம்மாவின் கணக்கில் முட்டையும் இறைச்சிதான்’ என்று அதை விட்டவர். இன்றைய உணவுப் பாதுகாப்புச் சட்டம் அம்மாவின் கட்சி. முட்டை சேர்ந்த பொட்டலத்தில் அசைவக் குறி இருக்க வேண்டும்; பால் சேர்ந்தால் தேவையில்லை.

காந்தியின் வாதத்தில் ஓட்டை வேறு இடத்தில் இருக்கிறது. நாமக்கல்லிலிருந்து லாரி லாரியாக நெல்லைக்கு வரும் முட்டை அவர் சொன்ன வகைதான். பண்ணையில் சேவலே கிடையாது. ஆனால் அந்த லேயர் கோழி தானும் ஒரு முட்டையிலிருந்துதானே வந்தது? அதோடு கூடப் பொரிந்த குஞ்சுகளில் ஏறத்தாழப் பாதி சேவல். சேவல் முட்டையிடாது, அந்த இனத்துச் சேவலைக் கறிக்கு வளர்த்தால் கட்டுப்படியாகாது. உலகெங்கும் பொரிப்பகங்களில் அவற்றைப் பிறந்த அன்றே கொன்றுவிடுவது தொழில் வழக்கமாகிவிட்டது. ஜெர்மனி 2022-இல் இதற்குத் தடை போட்டது. ஆக, உயிரில்லாத முட்டைக்குப் பின்னால் ஒரு சாவு இருக்கிறது. தெருவில் மேயும் நாட்டுக்கோழி இட்ட, உயிருள்ள முட்டைக்குப் பின்னால் அது இல்லை. ‘உயிர் இருக்கிறதா’ என்று முட்டைக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டிருப்பவர்கள் பார்க்க வேண்டிய இடம் பொரிப்பகம்.

கிறிஸ்தவம் வேரூன்றிய பாளையங்கோட்டைக்கு இதே கேள்வி வேறு வழியாக வந்தது. கிறிஸ்தவ ஐரோப்பாவில் தவக்காலத்தின் நாற்பது நாளும் முட்டைக்கும் தடை இருந்தது. விலங்கிலிருந்து வருவதால் பாலும் முட்டையும் கறியின் வரிசையில்தான் வரும் என்று 13-ஆம் நூற்றாண்டில் தாமஸ் அக்வினாஸ் விளக்கம் எழுதினார். கோழிக்கு நோன்பு தெரியுமா? அது பாட்டுக்கு இட்டுக்கொண்டே இருந்தது, முட்டையும் சேர்ந்துகொண்டே போனது. ஈஸ்டர் அன்று முட்டை விருந்தானதற்கு இந்தச் சேமிப்பும் ஒரு காரணம்.  கத்தோலிக்கருக்கு இந்த விதி பிறகு தளர்ந்தது; 1966-இல் போப் ஆறாம் பவுல் வகுத்த விதிப்படியும் சுத்தபோசன நாளில் இறைச்சி கூடாது, முட்டை ஆகும். இருந்தும் நெல்லையில் லெந்து என்னும் தவக்கால நாட்களில் கறி மீனோடு முட்டையையும் ஒதுக்கும் வீடுகள் உண்டு. அக்கம்பக்கத்துச் சைவத்தைப் பார்த்து வந்த பழக்கம் என்றுதான் தோன்றுகிறது.

யார் எதைச் சாப்பிடலாம் என்பதைவிட, யார் யாரோடு உட்கார்ந்து சாப்பிடலாம் என்பதற்குத்தான் இந்த ஆற்றங்கரை அதிகம் சண்டை போட்டிருக்கிறது. சேரன்மாதேவியில் வ.வே.சு. ஐயர் நடத்திய குருகுலத்தில் பிராமணப் பிள்ளைகள் இருவருக்குத் தனிப்பந்தி. சாப்பாடு சைவம்தான், பிரித்தது பிறப்பு. 1925-இல் அது தமிழ்நாட்டு அரசியலையே இரண்டாகப் பிளந்தது.  பிள்ளைகளுக்கான பொதுப்பந்தியும் இதே சீமையில்தான்: 1956-இல் காமராஜரின் மதிய உணவுத் திட்டம் அன்றைய திருநெல்வேலி மாவட்டத்து எட்டயபுரத்தில் தொடங்கியது. 1989-இல் சத்துணவில் முட்டை சேர்ந்தது. 2010 முதல் வாரம் ஐந்து நாள். பிறகு மிளகு முட்டை, தக்காளி மசாலா முட்டை என்று ருசியும் கூடியது. முட்டை சாப்பிடாத பிள்ளைக்கு வாழைப்பழம். தனிப்பந்தி கிடையாது, முட்டைத் தட்டுக்குப் பக்கத்திலேயே பழத்தட்டு.

சொரிமுத்து அய்யனாரின் திரைக்கும் இந்த வாழைப்பழத்துக்கும் உறவு உண்டு. சேரன்மாதேவிப் பந்திக்கு அந்த வம்சாவளி கிடையாது. இருந்தாலும் ஒரு முள் உறுத்தத்தான் செய்கிறது. பழம் வாங்கும் பிள்ளை தானாகவா சைவமானது? அதையும் வீடுதான், அதாவது பிறப்புதான், தீர்மானித்தது. அய்யனாரைப்போலத் தன் விரதத்தைத் தானே வைத்திருப்பவர்கள் எத்தனை பேர்?

கண்ணுக்குத் தெரிகிற முட்டையில் சிக்கல் குறைவு. தெரியாத முட்டைக்குத்தான் மனசாட்சி வேண்டும். கிறிஸ்துமசுக்குப் பலகாரம் சுடும்போது அச்சுமுறுக்கு மாவில் முட்டை அடித்து ஊற்றுவது தென்மாவட்டக் கிறிஸ்தவர் வீடுகளில் பழைய வழக்கம். முறுக்கு மொறுமொறுவென்று வரும், அச்சிலிருந்து சட்டென்று கழன்று விழும். ஆனால் அந்தத் தட்டு பக்கத்துச் சைவப் பிள்ளைமார் வீட்டுக்கும் போக வேண்டும். பார்த்தால் தெரியாது, தின்றாலும் தெரியாது. தெரியாமல் தின்றால் விரதம் முறியுமா என்று சாஸ்திரம் பார்க்கலாம். தெரிந்தே கொடுத்தவளுக்கு அந்த வாதம் உதவாது. அவர்களுக்கு முந்திரிக்கொத்தை மட்டும் வைத்துக் கொடுத்தாலும் போதும். பாசிப்பயறும் வெல்லமும்தான், வம்பில்லை. அச்சுமுறுக்கும் வேண்டும் என்று அந்த வீட்டுப் பிள்ளை கேட்டால், விவரமான அக்கா மாவைக் கரைத்ததும் பாதியைத் தனியாக எடுத்து வைத்துவிடுவாள். புது எண்ணெயில், கழுவித் துடைத்த அச்சில் முதலில் அதைச் சுட்டு டப்பாவில் அடைத்த பிறகுதான் மீதி மாவில் முட்டையை உடைப்பாள்.