குரலுக்கு உரியவர் யார்?

ஒரு மனிதன் இறந்தபின் அவன் விட்டுச் செல்வன எவை? காணி, வீடு, கடன் என்பவற்றுக்குச் சட்டம் நெடுங்காலத்துக்கு முன்பே விடை கூறிவிட்டது. அவன் எழுதிய நூலுக்கும் புனைந்த பாடலுக்கும் பதிப்புரிமைச் சட்டம் விடை கூறுகின்றது. அவனுடைய குரலுக்கு? இக்கேள்வி அண்மைக் காலம்வரை எழவேயில்லை. குரல் உடலோடு பிறந்து உடலோடு மாய்வது என்றும், ஒலிப்பதிவில் எஞ்சுவது அவன் முன்னரே பாடியது மட்டுமே என்றும் உலகம் எண்ணியிருந்தது. அந்த எண்ணத்தை இயந்திரம் உடைத்துவிட்டது.

2024ஆம் ஆண்டு வெளிவந்த ‘லால் சலாம்’ என்னும் திரைப்படத்தில் ‘திமிறி எழுடா’ என்றொரு பாடல் உண்டு. அதில் பம்பா பாக்யா, சாகுல் ஹமீது ஆகிய இருவரின் குரல்களும் ஒலிக்கின்றன. முன்னவர் 2022இல் மறைந்தவர். பின்னவர் மறைந்தோ கால் நூற்றாண்டு கடந்துவிட்டது. செயற்கை நுண்ணறிவின் துணைகொண்டு அக்குரல்கள் மீள உருவாக்கப்பட்டன. இசையமைப்பாளர் ஏ. ஆர். ரகுமான், இரு குடும்பத்தாரிடமும் இசைவு பெற்று ஊதியமும் வழங்கியதாக வெளிப்படையாக அறிவித்தார். கேளாமல் எடுத்துக்கொள்வோர் மலிந்த காலத்தில் இது மதிக்கத்தக்க நடத்தையே. ஆயினும் அந்த நேர்மையே நமது கேள்வியைக் கூர்மையாக்குகின்றது. எல்லாம் முறைப்படி நடந்த பின்னும் ஒருவரை மட்டும் எவரும் கேட்கவில்லை, கேட்கவும் இயலாது. அவர்தாம் பாடகர்!

வாழ்வோரின் குரலைக் காக்கச் சட்டம் விழிக்கத் தொடங்கியுள்ளது. பாடகர் அரிஜித் சிங் தொடுத்த வழக்கில், அவரது இசைவின்றி அவர் குரலை இயந்திரத்தால் போலி செய்வதற்குப் பம்பாய் உயர் நீதிமன்றம் 2024 யூலையில் இடைக்காலத் தடை விதித்தது. அமெரிக்காவின் டென்னசி மாநிலம் அதே ஆண்டில் குரலைக் காக்கத் தனிச் சட்டமே இயற்றியது. நமது நாட்டின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம், ஆக்கியோனின் உரிமையை அவன் வாழ்நாளுக்கும் மறைவின் பின் 70 ஆண்டுகளுக்கும் காக்கின்றது. பாடுவோர், நடிப்போரின் ஆற்றுகைக்கும் பாதுகாப்பு அளிக்கின்றது. ஆனால் அது காப்பது பாடிய பாட்டை. பாடாத பாட்டைப் பாடியதாகக் காட்டும் இயந்திரம், அச்சட்டத்தை எழுதியோர் கண்முன் இருக்கவில்லை.

இங்கே முற்போக்காளர் ஒருவர் நம்மை மறிக்கலாம். “கலை மக்களுக்கு உரியது என்போர் நாம். 1921இல் மறைந்த பாரதியின் பாடல்களுக்கான ஒலிப்பதிவு உரிமை படத் தயாரிப்பாளர் ஏ. வி. மெய்யப்பன் கையில் இருந்தபோது, அது தனியொருவர் உடைமையாக இருத்தல் தகாது என்று போராடியோர் நம்மவர் அல்லரோ? 1949இல் சென்னை அரசு அவ்வுரிமையை நாட்டுடைமையாக்கியதைக் கொண்டாடுகின்றோம். பாட்டைப் பொதுவாக்கலாமெனின் குரலைப் பொதுவாக்கினால் என்ன?” என்று அவர் கேட்பார்.

கேள்வி நியாயமானது. ஆயினும் பாட்டு வேறு, குரல் வேறு. பாட்டு, படைத்தவன் முடித்து உலகுக்குக் கொடுத்த பொருள். அதை ஆயிரம் பேர் பாடினாலும் பாரதி சொல்லாத ஒன்றை அவன் சொன்னதாக ஆகாது. குரலோ முடிந்த பொருளன்று; அது ஒருவனுடைய செயல். புதிய பாட்டொன்றில் இறந்தவனின் குரலை ஏற்றும்போது அவன் செய்யாத செயலை அவன் தலையில் சுமத்துகின்றோம். வாழ்நாளெல்லாம் மதவெறியை வெறுத்தவன் நாளை மதவெறிப் பாட்டைப் பாடக்கூடும். உழைப்பாளரின் மேடையில் பாடியவன் முதலாளியின் விளம்பரத்தில் பாடக்கூடும். “நான் பாடமாட்டேன்” என்று கூறும் உரிமையே கலைஞனின் முதல் உரிமை. அதைச் சாவு பறிக்கலாம், சந்தை பறிக்கலாகாது.

“கலையில் போலச்செய்தல் புதிதோ?” எனவும் கேட்கலாம். முல்லைத்தீவின் கோவலன் கூத்திலே அண்ணாவியாரின் சாயலை மாணவன் தன் குரலில் ஏற்றுக்கொள்கின்றான். அது களவன்று. அவன் தன் உடலோடு களரியில் நிற்கின்றான். பிழைத்தால் சபை அவனையே கேட்கும். தன் மூச்சைச் செலவிட்டே ஆசானை வாழவைக்கின்றான். இயந்திரம் மூச்சு விடுவதுமில்லை, பொறுப்பு ஏற்பதுமில்லை. அன்றியும், இறந்தவர் மலிவாகப் பாடக் கிடைக்கும் உலகில், வாழும் இளம் பாடகனுக்கு வாய்ப்பளிப்பவர் யார்? மாண்டவரின் உழைப்பைக் கொண்டே உயிரோடிருப்பவரின் ஊதியத்தை வெட்டுவது சுரண்டலின் புதிய வடிவமன்றி வேறென்ன?

வன்னி மண்ணில் இக்கேள்வி இன்னும் ஆழமாகத் தைக்கின்றது. பதிப்புரிமைக் காலத்தைச் சட்டம் சாவிலிருந்து எண்ணத் தொடங்குகின்றது. சாவே உறுதிப்படாதோர்க்கு எங்கிருந்து எண்ணுவது? 2017 பெப்ரவரியில் வவுனியா வீதியோரத்தில் தொடர் போராட்டத்தைத் தொடங்கிய, காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார் கேட்டது மரணச் சான்றிதழையன்று. தம் பிள்ளைகள் எங்கே என்ற விடையை. அத்தகைய ஒரு தாயிடம் பிள்ளையின் குரல் ஒலிநாடாவில் எஞ்சியிருக்குமாயின், அது அவளுக்குச் சொத்தன்று, சாட்சி. அக்குரலை நாளை எவரேனும் எடுத்து, அவன் சொல்லாத சொற்களைப் பேசவைப்பாராயின் சாட்சியே பொய்யாகிவிடும். மெய்க்குரலும் பொய்க்குரலும் பிரித்தறியவொண்ணாது கலந்துவிட்ட பின், அவள் எதைக் காட்டி நீதி கேட்பாள்?

ஆகவே, வாரிசு குரலின் காவலரேயன்றி உரிமையாளர் அல்லர் என்பதே நமது துணிபு. வாழும்போதே ஒருவர் தெளிவாக எழுதி இசைந்தாலன்றி, அவர் மறைந்தபின் அவர் குரலால் புதியது எதையும் செய்யலாகாது. வாரிசுக்குத் தடுக்கும் உரிமை இருக்கட்டும். விற்கும் உரிமை வேண்டா. பழைய ஒலிப்பதிவுகளோ மக்களிடையே தாராளமாக உலவட்டும். அவை அவர்கள் உண்மையாகப் பாடியவை.

மௌனம் சம்மதம் என்பர். பேச வாயுள்ளவனின் மௌனத்துக்கே அது பொருந்தும். இறந்தவரின் மௌனத்தை மறுப்பென்றே கொள்ளுதல் அறம். அவ்வறத்தைச் சட்டமாக்கும்படி கேட்கும் கடமை, இன்னும் குரலோடிருக்கும் நம்முடையது.