வில்வப்பழம் விழுந்த ஓசை

துத்துப ஜாதகக் கதையை உங்களுள் பலர் கேட்டிருப்பீர்கள். உலகம் அழிந்தால் நம் கதி யாதாகும் என்று எண்ணிப் படுத்திருந்த முயலொன்றின் பின்னே, ஓலைமீது வில்வப்பழம் விழுந்தது. நிலம் பிளந்ததென்று முயல் ஓடிற்று. அதைக் கண்டு மற்ற முயல்களும், மானும், எருமையும், புலியும், யானையும் ஓடின. சிங்கமாய்ப் பிறந்திருந்த போதிசத்துவர் குறுக்கே நின்று, "கண்டது யார்?" என்று ஒவ்வொன்றாய் வினவினார். ஒன்று மற்றொன்றைக் காட்ட, முடிவில் அந்த ஒரு முயலே எஞ்சியது.

இக்கதை நம் பெங்களூரில் 2012ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் நடந்தது. அசாமின் கோக்ரஜாரில் ஜூலையில் மூண்ட கலவரத்தை அடுத்து, ரமலான் முடிந்ததும் இங்குள்ள வடகிழக்கு மக்கள் தாக்கப்படுவர் என்று கைப்பேசிகளில் வதந்தி பரவிற்று. ஓட்டல்களிலும் காவற்பணியிலும் உழைத்தவர்கள் ஆயிரக்கணக்கில் மூட்டையுடன் இரயில் நிலையத்தில் குவிந்தனர். குவஹாத்திக்குத் தனி வண்டிகள் விடப்பட்டன. ஐந்துக்கு மேற்பட்ட மொத்தக் குறுஞ்செய்திகளை மத்திய அரசு 15 நாட்களுக்குத் தடை செய்தது. அஞ்சிய பெருந்தாக்குதல் வரவேயில்லை.

செய்தி விரைவது மட்டும் தீமையன்று. நாம் ஆலையில் தறிமுன் நின்ற காலத்தில், வாயிற்கதவில் பிறந்த சேதி கடைசித் தறியை எட்ட ஒரு ஷிப்டு ஆகும். 2016 ஏப்ரலில், வருங்கால வைப்புநிதியில் முதலாளி செலுத்திய பங்கை 58 வயதுவரை எடுக்கலாகாதென்ற விதியை எதிர்த்து, இந்நகர ஆடைத் தொழிற்சாலைப் பெண்கள் பெருந்தலைவர் எவரும் அழைக்காமலே திரண்டு ஓசூர்ச் சாலையை மறித்தனர். இரண்டாம் நாளே விதி திரும்பப் பெறப்பட்டது. அன்று பேருந்துகளும் எரிந்தன. அதை மறைப்பது நல்வாய்மை ஆகாது. ஆயினும் ஒவ்வொருத்தியும் தன் சேமிப்பைத் தானே அறிந்தவள். அவள் கேட்டது பழம் விழுந்த ஓசையன்று.

நம் குற்றத்தையும் கூறவேண்டும். 2018 மே மாதம், பிள்ளை பிடிப்போர் வந்துள்ளனர் என்ற வாட்ஸ்அப் செய்தி நமக்கும் வந்தது. வீட்டுப் பிள்ளைகளை எண்ணி, நொடியில் பதினொருவருக்கு அனுப்பினோம். அம்மாதம் 23ஆம் தேதி சாமராஜபேட்டையில், இராஜஸ்தானிலிருந்து பிழைக்க வந்த இளைஞர் ஒருவரைப் பிள்ளை பிடிப்பவரென்று கூட்டம் அடித்துக் கொன்றது. நாம் அனுப்பியதுதான் அங்குச் சென்றதென்று சொல்வதற்கில்லை. ஒன்றைச் சார்ந்தே மற்றொன்று தோன்றும் என்று போதிக்கும் நாம், செல்லவில்லை என்றும் சொல்வதற்கில்லை.

நமக்கு அனுப்பிய உபாசகரிடம், "கண்டீரா?" என்றோம். மைத்துனர் அனுப்பினார் என்றார். மைத்துனர் உடன் வேலை செய்பவரைக் காட்டினார். அவருக்கோ யார் அனுப்பியதென்றே நினைவில்லை. பின்பு அந்தப் பதினொருவரையும் வீடு தேடிச் சென்று, நாம் அனுப்பியது பொய் என்றோம். அவருள் எழுவர் அதற்குள் பிறருக்கு அனுப்பியிருந்தனர்.